தடை உண்டானால்

ஆலயமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஆதாமுக்குப் பொண்டாட்டியை உண்டாக்க அவன்கிட்டேருந்து ஆண்டவர் ஒரு விலா எலும்பைத்தான் எடுத்தார். ரெண்டாவதைத் தொடவே இல்லை."

யாக்கோபுக்கு மனைவிமார் நான்கு பேர். சாலொமோனுக்குக் கணக்கே கிடையாது. அவர்கள் வீட்டில் நடந்த சண்டைகளையெல்லாம் சொல்லி, ஒருவனுக்கு ஒருத்திதான் என்று போதகர் பிரசங்கத்தை முடித்தார்.

தண்ணீர் குடித்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கும் ஓலையை எடுத்தார்.

"தாரமிழந்த" என்று தொடங்கி அவன் பெயரை வாசித்தார். அடுத்து, கன்னிகை ரூபெலாவின் பெயர்.

தாரமிழந்தவன்.

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவனைச் சொல்வதுபோல.

எப்சிபா இறந்தபின் ஒரு கிறிஸ்துமஸ்தான் வந்துபோயிருந்தது. அதற்குள் அம்மா பெண் பார்த்துவிட்டாள். கேட்டபோது அவன் பேசாமல் இருந்தான். அப்போது அவன் எதற்குமே பேசுவதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று யாராவது அறிந்திருந்தால், இப்போதே தெரிவிக்கலாம்."

வழக்கமாக வாசிப்பதுதான். யாரும் எழுந்ததில்லை. போதகரும் காத்திருப்பதில்லை. தாளை மடிக்கத் தொடங்கியிருந்தார்.

அவன் எழுந்தான்.

"மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாருங்க," என்றார் போதகர்.

மறுபடியும் சிரிப்பு.

"தடை இருக்கு."

நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது குரல்.

பக்கத்திலிருந்த சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருல. மரணம் பிரிக்குமட்டும்னுதானல சொன்ன? பிரிச்சாச்சுல்லா."

அவளைப் பிரித்தது. அவனை யார் பிரித்தார்கள்?

போதகரைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்குப் பொண்டாட்டி இருக்கா ஐயா. நீங்கதான கட்டி வச்சீங்க."

சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபெலாவின் அப்பா தரையைப் பார்த்தார். ரூபெலா மட்டும் அவனை நேராகப் பார்த்தாள்.

போதகரின் முகம் கனிந்தது.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

"துக்கம் ஒரு தடை இல்லை தம்பி," என்றார். "அடுத்த ஞாயிறு ரெண்டாம் ஓலை வாசிப்போம்." பிறகு சபையைப் பார்த்தார். "எல்லாரும் எழுந்து பாடுவோம்."

கீபோர்டு ஒலித்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சபை முழுவதும் எழுந்தது.

இப்போது அவன் நிற்பது யாருக்கும் தெரியவில்லை. தலைகளோடு ஒரு தலை. பாட நிற்பவர்களில் ஒருவன்.

அவன் உட்கார்ந்தான்.

"எந்திரில," என்றார் சித்தப்பா.