ஐந்துக்கு நாலே முக்கால்

"நானா சொல்லலைம்மா, மாணவர்கள் எழுதினது" என்று துறைத் தலைவர் இரண்டு மதிப்பீட்டுத் தாள்களை மேஜையில் பரப்பினார்.

எதிரே இரண்டு ஆசிரியர்கள்: அவளும், ஒரு தாடிக்காரரும். இருவரும் ஒரே பாடத்தை இணையத்தில் ஆளுக்கொரு வகுப்புக்கு நடத்தியவர்கள். முகம், குரல் எதுவும் கிடையாது; எல்லாமே எழுத்தில்தான்.

"சாருக்கு அஞ்சுக்கு நாலே முக்கால். உங்களுக்கு மூணு."

"விடைத்தாளை ரெண்டு பேருமே ரெண்டு நாள்ல திருத்திக் குடுத்தோமே சார்?"

"அவரை 'சுறுசுறுப்பு'ன்னு எழுதியிருக்காங்க. உங்களை 'ரொம்ப லேட்'டுன்னு. அவர், 'கறார்தான், ஆனா நியாயமானவர்.' நீங்க, 'மேடம் கொஞ்சம் கலகலப்பா எழுதினா விரல் தேய்ஞ்சிடுமா?'"

தாடிக்காரர் நெளிந்தார்.

"பாருங்க, என்ன தன்னடக்கம்!" என்ற தலைவர், பதவி உயர்வுக்கான பரிந்துரைக் கடிதத்தில் அவர் பெயரை எழுதினார். "சார்கிட்ட கொஞ்சம் கத்துக்கோங்கம்மா."

"சார், முதல் நாள் எங்க பாஸ்வேர்டு சீட்டை மாத்திக் குடுத்துட்டீங்க. நான் வந்து சொன்னதுக்கு, 'பேர் மாறினா பாடமா மாறிடப் போகுது? அப்படியே நடத்துங்க'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

கையெழுத்திடப் போன பேனா நின்றது.

"அப்போ இந்த நாலே முக்கால்..."

"என்னோடது. சார் பேர்ல பாடம் எடுத்தது நான்."

"மேடம் பேர்ல நான்!" தாடிக்காரர் பொருமித் தீர்த்தார். "வாரத்துக்கு ரெண்டு ஜோக் எழுதினேன் சார்! கலகலப்பு இல்லையாம்!"

அவள் கடிதத்தில் இருந்த பெயரை விரலால் மெல்லத் தொட்டுக் காட்டினாள்.

"பேரை மட்டும் மாத்துங்க சார். கடிதமா மாறிடப் போகுது?"