ஏழு மணி ஆட்டம்

சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் உடனே இல்லை. ரேடியோவுக்கே முழு விஷயமும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ரேடியோ, பத்தாம் வகுப்புப் பெண். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசுவாள் என்று தெரு வைத்த பெயர் அது.

அன்று அவள் பஸ் டிப்போ டைம்கீப்பர் முன்னால் நின்றாள். தெரு டேபிள் டென்னிஸ் போட்டிக்கு அட்டவணை போடுபவர் அவர்தான்.

“அங்கிள், அம்மாவுக்கு ஏழு மணி ஆட்டம் போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடியவே காலையில எட்டாகும்.”

“குலுக்கல்ல வந்ததும்மா. பத்து நிமிஷம் லேட்டானா அவுட். எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

“ஒரு வருஷமா டியூட்டி முடிஞ்சு வந்து, சாப்பாட்டு மேஜையில என்கூட அடிச்சுப் பழகறாங்க அங்கிள்.”

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

“பதினோரு மணிக்கு ஆடற டயர் கடைக்காரர் இடம் மாத்திக்கிட்டா சரி. ஆனா அவரே கேட்கணும்.”

டயர் கடைக்காரரா? கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினாலே கடித்துக் குதறுகிற மனிதர். அவரிடம் போய்க் கேட்பதற்குப் பதில், அவர் குரலிலேயே பேசிவிடலாம்.

பரீட்சையால் இரண்டு வாரமாக அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. கண்ணாடி முன்னால் நாலு தடவை ஒத்திகை பார்த்தாள். மறுநாள் வாயில் கைக்குட்டையை வைத்து, டிப்போவுக்கு போன் போட்டாள்.

“யோவ், டயர் கடை பேசறேன்.”

டைம்கீப்பர்தான் எடுத்திருந்தார்.

“யாரு, நீங்களா?”

“பின்னே உன் மாமனாரா? ஏழு மணி ஆட்டத்தை எனக்குப் போடுய்யா. அந்த நர்ஸம்மாவுக்குப் பதினோரு மணியைக் கொடு.”

“குரல் கணீர்னு இருக்கே.”

“என் குரலுக்கு என்ன கேடு?”

“ஒண்ணுமில்லைங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.”

யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு டைம்கீப்பர் செருமினார்.

“சரிங்க. மாத்திட்டேன்.”

ரேடியோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

புது அட்டவணை போர்டில் ஏறியது. கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று மூன்று நாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பதினோரு மணிக்கு ஆடினாள். ஜெயித்தாள்.

கடைக்காரர் ஏழு மணிக்கு ஆடித் தோற்றிருந்தார். அப்படியும் வீட்டுக்குப் போகாமல், நின்று அம்மாவுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

ரேடியோவுக்கு உறுத்தியது. மெல்லப் பக்கத்தில் போனாள்.

“அங்கிள், காலங்காத்தால ஆடினது கஷ்டமா இருந்துச்சா?”

அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவிதான் பேசினாள்.

“பேசமாட்டாரும்மா. தொண்டையில ஆபரேஷன். ரெண்டு வாரமா ஒரு வார்த்தை கிடையாது. டிப்போவுக்கு டயர் கொண்டு போனாக்கூட எழுதித்தான் காட்டறாரு.”

ரேடியோவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது.

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, எழுதி, அவளிடம் நீட்டினார்.

‘அன்னிக்கு போன் வந்தப்போ டைம்கீப்பர் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வாரத்துல நான் பேசினது அந்த ஒரு தடவைதான். நல்ல விஷயமாத்தான் பேசியிருக்கேன்.’