வயலோரத்துப் பச்சைப் பலகை

"தோனா இவோனி, ஒரே ஒரு நாளைக்கு உங்க வயல்ல இருக்கறது எங்க விதைன்னு சொல்லிக்கிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

ஜில்வான் இதைக் கேட்டபோது வயல்காரம்மா தோனா இவோனி அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு பூட்ஸ் கால்களும் ஒரு ஸ்பேனரும் மட்டுமே வெளியே தெரிந்தன. ஜில்வான் பூட்ஸைப் பார்த்தே மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்கு என்ன குறையப் போகுது? ஆனா ரோட்டோரம் நிக்கிறது மஞ்சப் பலகையாச்சே. உங்க டைரக்டருக்குக் கண்ணு தெரியாதா?"

பிரச்சினையே அதுதான். மாத்தோ குரோசோ மாநிலத்தின் அந்த நெடுஞ்சாலையில், எந்த வயலில் எந்தக் கம்பெனியின் சோயா விதை என்பதை ஓரத்துப் பலகையே சொல்லிவிடும். பச்சைப் பலகை ஜில்வானின் கம்பெனி. மஞ்சள் பலகை எதிரிக் கம்பெனி. பிரேசில் கொடியில் இந்த இரண்டு நிறமும் சண்டை சச்சரவில்லாமல்தான் இருக்கின்றன. சாலையில் அந்தப் பெருந்தன்மை இல்லை.

அந்த வட்டாரத்திலேயே பெரிய வயல் இவோனியுடையது. வருஷக்கணக்காகப் பலகையே இல்லாமல் கிடந்தது. யாரிடம் விதை வாங்குகிறார் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. போன வாரம் திடீரென்று வரிசையாக மஞ்சள் முளைத்துவிட்டது. ஜில்வானுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு அவர் வந்து மஞ்சளைப் பார்த்தார்னா, இங்க நாம தோத்தாச்சுன்னு கிளையை இழுத்து மூடிட்டுப் போயிடுவார். அஞ்சு பேருக்கு வேலை போகும். அதுல நான்தான் முதல் ஆளு."

பூட்ஸ் யோசித்தது.

"எங்க ஆளுங்களுக்குச் சுட்ட விலாக்கறி உண்டா?"

"உண்டு!"

"பீர்?"

"அதுவும் உண்டு!"

"அப்ப நட்டுக்கோ. உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவர மறந்துடாதே."

மறுநாள் காலை மஞ்சள் பலகைகளெல்லாம் தோனா இவோனியின் கொட்டகைக்குப் போயின. அவற்றின் இடத்தில் பச்சை நின்றது. பலகை போதாததால், எதிர்ப்பக்கம் தன் கம்பெனி விதை உண்மையாகவே முளைத்திருந்த வயலில் நின்ற நாலைந்தையும் பிடுங்கி நட்டிருந்தான் ஜில்வான்.

டைரக்டர் ஆல்வாரோ சாவ் பாவ்லோவிலிருந்து வந்து இறங்கினார். கழுத்தில் டை இருந்ததால் ஊரே அவரை டாக்டர் என்றது.

"பிரமாதம்!" என்று ஒரு நெற்றைப் பறித்து உடைத்தார். உள்ளே சோயா முத்து முத்தாக இருந்தது. "இதுதான் நம்ம ஆராய்ச்சியோட பலன். பார்த்தியா ஜில்வான்?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன், டாக்டர்."

"அதோ, எதிர்ல ஒண்ணு பரிதாபமா நிக்குதே. அது யாரு விதை?"

ஜில்வான் எதிர்ப்பக்கம் திரும்பாமலே சொன்னான். "மஞ்சக் கம்பெனி, டாக்டர்."

"பாவம்" என்றார் டைரக்டர், மிகுந்த சந்தோஷத்தோடு.

அப்போதுதான் இயந்திரம் ஓட்டும் ஜுராந்திர் இறங்கிவந்து, பெரிய மனிதருக்கு வணக்கம் சொல்லத் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றினான். அடியில் ஒரு மஞ்சள் தொப்பி இருந்தது.

ஜில்வானுக்கு அஞ்சு பேரின் முகமும் கண்முன் வந்து போயிற்று.

"அது வேர்வைக்கு, டாக்டர்" என்றார் தோனா இவோனி, கண்ணைக்கூட இமைக்காமல். "உங்க தொப்பி அழுக்காகக் கூடாதுன்னு அதை அடியில போட்டுக்கறான்."

டைரக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஜில்வான், இங்க நமக்குப் போட்டின்னு சொன்னா இந்த வேர்வைத் தொப்பிக் கம்பெனி ஒண்ணுதானே?"

"அது ஒண்ணுதான், டாக்டர்."

"அதையும் ஜெயிச்சாச்சு! கிளை இருக்கும். அடுத்த வருஷக் காலண்டர்ல இந்த வயல்தான் படம்."

அவருடைய கார் கிளப்பிய சிவப்புப் புழுதி அடங்கியதும் ஜில்வான் தோனா இவோனியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். விலாக்கறி நெருப்பில் ஏறியது. ஜுராந்திர் இரண்டு தொப்பியையும் கழற்றிவிட்டுப் பீரைத் திறந்தான்.

"சாப்பிட்டதும் மஞ்சப் பலகையை நானே திரும்ப நட்டுடறேன்" என்றான் ஜில்வான். "மஞ்சக் கம்பெனி ஆளு தாலிதா பார்த்துட்டா ரகளை பண்ணிடுவா."

"மஞ்சள் வேண்டாம். குழியை மட்டும் மூடாம விட்டுடு. நாளைக்கு நீலப் பலகைக்காரன் வர்றான்."

"நீலமா? அப்ப தாலிதா?"

"அவ டைரக்டர் போன வாரமே வந்து, போட்டோ எடுத்துக்கிட்டுப் போயாச்சே. அவளும் விலாக்கறிதான் போட்டா. உப்பு கொஞ்சம் கம்மி."

ஜில்வானின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

"அப்ப இந்த வயல்ல இருக்கறது நிஜமா யாரோட விதை, தோனா இவோனி?"

தோனா இவோனி நிதானமாகக் கறியைத் திருப்பிப் போட்டார்.

"என்னோடதுதான். ஒவ்வொரு அறுப்புலயும் நல்லதா பார்த்து எடுத்துவெச்சு நானே விதைச்சுக்கறேன். உங்க யாருகிட்டயும் வாங்குற பழக்கம் எனக்கு இல்ல, விலாக்கறியைத் தவிர."