பசை தடவாத சான்றிதழ்

மருத்துவம் படிக்கும் வெள்ளாடு செவ்வந்தி, மூன்று நாள் ஊட்டச்சத்துப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தது. வந்ததும் வராததுமாக, சுவரில் போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்த கழுதையை மடக்கியது.

"அண்ணே, துப்புங்க! பின்னாடி பூரா மைதாப் பசை. சர்க்கரை ஏறிடும்."

கழுதைக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபது வருசமா இதுதான் எனக்குச் சாப்பாடு. மூணே நாள் படிச்சிட்டு வந்து என் வயித்துல அடிக்கிறியா? படிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

"சான்றிதழே கொடுத்தாங்க!"

"எங்கே, காட்டு பார்ப்போம்."

செவ்வந்தி பையைத் துழாவியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

"வர்ற வழியில பசிச்சுதுண்ணே. ஆனா சத்தியமா, அதுல ஒரு பொட்டுப் பசை கிடையாது."

கழுதை யோசித்தது. வாயிலிருந்த போஸ்டரை மெல்லத் துப்பியது.

"அடுத்த பயிற்சி எப்போம்மா?"