கடைசிச் சுற்று

"நான் எங்கே தோத்தேன்? லேப்டாப்தான் தோத்துச்சு!"

அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்து தங்கையிடம் சொன்னாள். "ரெண்டு வாரமா இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அதான் உனக்கு போன் போட்டேன். இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் நீ கிளம்பணும்."

இயற்பியல் படித்த நாத்தனார் சொன்னால் எந்த இயந்திரமும் கேட்கும் என்று அண்ணிக்கு ஒரு நம்பிக்கை. தங்கை லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

அண்ணன் இணையத்தில் ஆடுவது கார் ரேஸ். எங்கிருந்தோ 'சூறாவளி' என்ற பெயரில் ஆடும் ஆளிடம் இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டு முறையும் கடைசிச் சுற்றில் திரை பொட்டென்று இருண்டுவிட்டது. மூன்றாவது பந்தயம் நாலு மணிக்கு. இப்போது மணி மூன்று பத்து.

"ரொம்பச் சூடாகுதா அண்ணா?"

"கடைக்காரர் ஃபேனைத் துடைச்சு, சூடு தணிக்கிற பேஸ்டை மாத்தி, நாள் பூரா ஓட்டிப் பார்த்தாரு. அணையவே இல்லை. உங்க கைராசி சார்ங்கிறாரு!"

"சார்ஜர்?"

"புதுசு. மெமரியையும் கழட்டி மாட்டியாச்சு."

தங்கை தானே மூன்று சுற்று ஓட்டினாள். காரை நாலு தடவை சுவரில் மோதினாள். லேப்டாப் குத்துக்கல்லாட்டம் இருந்தது.

"பாத்தியா? நான் தொட்டாத்தான் அதுக்கு ஆகாது."

தங்கை நிமிர்ந்தாள். "சரி, நீ ஆடு. நான் பாக்குறேன்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அண்ணனின் கைகளைப் பார்த்தாள். கடைசிச் சுற்று வந்ததும் அவன் முதுகு வளைந்தது. உடம்பு முன்னால் நகர்ந்தது. இடது மணிக்கட்டு விசைப்பலகையின் இடது மூலைக்கு ஏறியது. திரை இருண்டது.

"கையில என்ன அது?"

"மணிக்கட்டு வலிக்குன்னு நானே வாங்கின பட்டை. உள்ளே காந்தம் இருக்கு. அதுக்கும் இதுக்கும்..."

தங்கை பட்டையைக் கழற்றி அதே மூலையில் வைத்தாள். இருட்டு. எடுத்துவிட்டு பட்டனைத் தட்டினாள். வெளிச்சம். மறுபடி வைத்தாள். மறுபடி இருட்டு.

"மூடியில ஒரு குட்டிக் காந்தம் இருக்கும் அண்ணா. அது இந்த மூலைக்கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சு லேப்டாப் தூங்கிடும். நீ கையில காந்தத்தைக் கட்டிக்கிட்டு அதுக்குத் தாலாட்டு பாடியிருக்கே!"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி பட்டையை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"இனிமே அணையாதே? நிச்சயமா?"

"நிச்சயமா அண்ணி."

"அப்பாடா! எனக்குத் தலை வலிக்குது. போய்ப் படுக்கிறேன். யாரும் கதவைத் தட்டாதீங்க."

நாலு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. தங்கை அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கடைசிச் சுற்று. திரை கண்கூடச் சிமிட்டவில்லை. அண்ணன்தான் முன்னால். கடைசி வளைவில் சூறாவளியின் சிவப்புக் கார் உள்பக்கமாகப் புகுந்து, உரசாமல், அரைக் கார் நீளத்தில் முந்திவிட்டது.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"லேப்டாப் மேல ஒரு தப்பும் இல்லை. அந்தப் பய நிஜமாவே கெட்டிக்காரன்."

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்க, ஆபீஸ் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணி நின்றாள்.

"பயலா? மூணுக்கு மூணு! இப்பச் சொல்லுங்க, தோத்தது யாரு?"