ரெண்டு புள்ளி நாலு

"ஏம்மா, எல்லாத்துக்கும் புதுசைப் போட்டுட்டு, இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் பழைய நம்பரைப் பிடிச்சுத் தொங்கறீங்க?"

மேனேஜர் பேனா முனையால் திரையைத் தட்டினார். அவர் இந்த அலுவலகத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் 'லேட்டஸ்ட்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நாற்காலியிலிருந்து காபி மெஷின் வரை எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் அவருக்கு.

அவள் நீண்ட விடுப்பு முடிந்து முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் வராததுமாக இந்த வேலையைத் தலையில் கட்டினார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், எழுத வேண்டும். அதை ஒரு தடவை ஓட்டினால் போதும், வேண்டிய மென்பொருள் பேக்கேஜ்கள் எல்லாம் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பேக்கேஜின் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் எண் போட்டால் அந்த வெர்ஷன் வரும். போடாமல் விட்டால், இருப்பதிலேயே புதுசு வரும்.

மேனேஜர் சொன்னாரே என்று மற்ற எண்களையெல்லாம் எடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. போன் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற சின்னப் பேக்கேஜ் அது.

"ரெண்டு புள்ளி நாலு நல்லா ஓடுது சார். அது அப்படியே இருக்கட்டும்."

"அதான் நேத்து ரெண்டு புள்ளி அஞ்சு வந்துடுச்சே! ஆந்தை முழிச்சுக்கிச்சும்மா!"

ஆந்தை என்பது அந்தப் பேக்கேஜை எழுதுகிறவரின் புனைபெயர். ஆள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. சல்லிக்காசு வாங்காமல் எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கிற பிழைக்கத் தெரியாத மனுஷன். சில மாதங்களாக அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மேனேஜர் அறிவிப்பைத் திறந்து உரக்கப் படித்தார். "'கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. இப்போது நலம். சில குறைகளைச் சரிசெய்திருக்கிறேன். ஆந்தை.' பார்த்தீங்களா? பாவம், எழுந்து உக்காந்ததும் முதல் வேலையா நமக்காக எழுதியிருக்காரு. சம்பளம் வாங்கற நாம என்னடான்னா மாசக்கணக்குல லீவு போடறோம்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் குடிக்காமலே மூடினாள்.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சார், அவங்களே இப்பத்தான்..."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்."

அவர் தன் திரைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"குறை இருக்கிற பழசைப் போட்டு, ஆம்புலன்ஸ் தெரு மாறிப் போய் ஒரு உயிர் போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"புதுசைப் போட்டாத்தான் சார் அப்படி ஆகும்."

"எப்படிச் சொல்றீங்க? பிரிச்சுப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன, ஜோசியம் சொல்றீங்களா?"

அவள் அந்த எண்ணைத் தொடவே இல்லை. அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"இங்க பாருங்கம்மா, நாளைக்குக் காலையில மெஷின் போயாகணும். அந்த நம்பரை எடுங்க. முடியாதுன்னா எழுந்திரிங்க, நானே எடுத்துக்கறேன். நீங்க வேற இடத்துல வேலை தேடிக்கலாம்."

வேலை போனால் பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் கீபோர்டை மூடிக்கொண்டாள்.

"அட கடவுளே! கைக்குழந்தையைப் பிடுங்க வந்த மாதிரி மறைக்கறீங்க. ரெண்டு புள்ளி நாலு மேல அப்படி என்னம்மா பாசம்?"

"அதுதான் சார் கடைசி."

"அது எப்படிம்மா கடைசி ஆகும்? எழுதற ஆள்தான் குத்துக்கல்லாட்டம் இருக்காரே!"

அலுவலகத்தில் அழக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். முடியவில்லை.

"எழுதினவர் என் வீட்டுக்காரர் சார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டுச் சிரிப்பாரு, அதான் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அவரை அடக்கம் பண்ணிட்டுத்தான் நான் வேலைக்கு வந்திருக்கேன். எவனோ அவர் பேர்ல உள்ள நுழைஞ்சு இதைப் போட்டிருக்கான்."

கீபோர்டை நோக்கி நீட்டியிருந்த கையை மேனேஜர் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா, இப்போது நலம்னு அவர் பேரோட பார்த்ததும், காலையில ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன் சார்."