மூன்றாம் நாள் போனவர்கள்

செத்துப்போனார் என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. மூன்றாம் வகுப்புக்குள் நுழையும்போது எனக்கிருந்த ஒரே கவலை அதுதான்.

அந்த வார்த்தை இல்லாமல் ஈஸ்டர் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

பைபிள் கதை சொல்லும் மறைக்கல்வி வகுப்பு கிளாரா டீச்சருடையது. அவர் பிரசவ லீவில் போய்விட்டார். பெரிய வெள்ளிக்கு லீவு விடுவதற்குள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும், சுந்தரவல்லி டீச்சரே சொல்லட்டும் என்று ஹெச்.எம். சிஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். நான் சௌராஷ்டிரக்காரி சிஸ்டர், எனக்கென்ன தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். கதை எல்லாருக்கும் பொதுதானே என்றார்.

கதை பொதுதான். முன் பெஞ்சில் சத்யப்ரியா உட்கார்ந்திருந்தாளே, அதுதான் பிரச்சினை.

அவள் அப்பா வீரணன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவள் முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். அன்று காலை பஸ்ஸில் ஆற்றுப் பக்கம் சீட் காலியாகக் கிடந்தது. நான் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, கோச்சடையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்வரை இதையேதான் யோசித்தேன். செத்தவர் மூன்றாம் நாள் எழுந்து வந்தார் என்று சொன்னால் இந்தப் பிள்ளை அடுத்து என்ன கேட்கும்? அதற்கு நான் எந்த மூஞ்சியோடு பதில் சொல்வது?

ஆகவே ஒரு மாதிரி வளைத்து வளைத்துச் சொன்னேன். இயேசு ரொம்ப நல்லவர். ஆகாதவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு குகைக்குள் வைத்துப் பெரிய கல்லால் மூடிவிட்டார்கள்.

"உசுரோடயா டீச்சர்?" என்றான் ராம்கி.

பாவிப்பயல். கேள்வியெல்லாம் கடைசியில் கேட்கலாம் என்று அவனை உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் சில பெண்கள் வாசனைப் பொருட்களை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள் என்றேன்.

அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது. மூன்றாம் நாள் என்றால் என்னவென்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் ஊற்றத்தான் போயிருக்கிறார்கள், அப்படியென்றால் ஆள் செத்துப்போய்விட்டார் என்று ராம்கி அறிவித்துவிட்டான். பால் இல்லை, வாசனைப் பொருள் என்று நான் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பால்தான் என்று வகுப்பே சாதித்தது. எங்கள் தாத்தாவுக்குப் பசும்பால், எங்கள் சித்தப்பாவுக்கு இளநீரும் சேர்த்து என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே மீதியை ஓட்டினேன். கல் புரண்டு கிடந்தது, உள்ளே யாரும் இல்லை, அவர் உயிரோடு எழுந்துவிட்டார், அதுதான் ஈஸ்டர், நோட்டை எடுங்கள்.

சத்யப்ரியா எழுந்து நின்றாள்.



எங்கள் அப்பாவும் வருவாரா என்று அவள் கேட்கவில்லை. வரமாட்டார் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"பொம்பளைங்கள விட்டாங்களா டீச்சர்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அப்பாவுக்குப் பால் ஊற்றப் போனபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாளாம். பொம்பளைப் பிள்ளை அங்கே வரக் கூடாது என்று பெரியப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அம்மாவையும் விடவில்லை. ஒன்றாம் வகுப்புத் தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பாவை எந்த இடத்தில் புதைத்திருக்கிறார்கள் என்று அவன் பார்த்திருக்கிறான், அவள் பார்த்ததில்லை.



"முதல்ல போனதே பொம்பளைங்கதான்" என்றேன்.

கிளாரா டீச்சரின் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆம்பளைகள் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்றும் இருந்தது. அதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. எல்லாரும் ஓடிய பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம விடிய நான் போறேன் டீச்சர். தம்பிகிட்ட எடம் கேட்டுட்டேன், வேப்பமரத்துக்கு அடியிலயாம். தனியாப் போக பயமா இருக்கு. நீங்க வாரீங்களா?"

அவள் பெரியப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து கத்துவார். கதை சொல்லச் சொன்னால் பிள்ளையைச் சுடுகாட்டுக்கா கூட்டிப்போனீர்கள் என்று சிஸ்டர் கேட்பார். எங்கள் வீட்டிலும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வாரேன். உங்கம்மாவையும் கூப்பிடு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பையை எடுத்து மாட்டியவள் வாசல்வரை போய்த் திரும்பி, ஆற்றோரச் சுடுகாட்டுக்கு நான் முன்னால் போயிருக்கிறேனா, வழி தெரியுமா என்று கேட்டாள்.

வழி தெரியும், போனதில்லை என்றேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆற்றுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சுடுகாட்டுச் சுவர் வந்தது. சுவருக்கு மேலே வேப்பமரம் தெரிந்தது. அந்த மரம் அங்கே இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் துளசிராமை அங்கே கொண்டுபோய் ஒன்பது வருஷமாகிறது. மூன்றாம் நாள் நானும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் நின்றேன்.